போன மாதம் போலவே

நித்யா,

இந்தக் கடிதத்தை உன்னால் ஒரே மூச்சில் படித்து முடிக்க முடியாது. தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், கம்பெனிக் காரில் உட்கார்ந்தபடி மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சூப்பர்மா" என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாய். ஹிஞ்சேவாடி சிக்னலில் நிற்கிற நேரத்துக்கு எட்டுப் பக்கம் என்ன, எண்பது பக்கமே படிக்கலாம், ஆனால் நீ படிக்க மாட்டாய். தமிழென்றால் உனக்கு வேறு வழியில்லை. விரலை வைத்து எழுத்துக்கூட்டித்தான் ஆக வேண்டும். திங்கட்கிழமை சென்னைக்குப் போகிறாய், அங்கே பஸ் போர்டு படிப்பதற்கும் இது ஒத்திகையாக இருக்கட்டும். நம் கட்கியில் குடியிருக்கிற தமிழர்கள் போடுகிற ஆண்டு மலருக்கும் இதையே கொடுத்திருக்கிறேன். கோபப்படாதே. ஊருக்கே தெரிய வேண்டிய சந்தோஷம் இது, எனக்கு மறைத்து வைக்கப் பிடிக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் நீ முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தாய். உன் குழுவில் ஒரு பையன் மென்பொருளில் செய்த மாற்றத்தால் மருத்துவமனைகளில் அரை நாள் முழுக்க ஒரே நேரத்துக்கு இரண்டிரண்டு நோயாளிகளுக்கு டோக்கன் போய்விட்டது என்றாய். அதைப் பற்றி நீதான் அறிக்கை எழுத வேண்டும் என்றாய். தட்டில் இருந்த சப்பாத்தியைக் கிள்ளிக்கொண்டே, "அந்தப் பையன் பேர எழுதுனா முடிஞ்சுது மா. ஆனா அப்ரூவ் பண்ணது நான். படிக்காமயே அப்ரூவ் பண்ணிட்டேன். அத யாருமே கேக்கல," என்று சொன்னாய். உன் அப்பா டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். நான் உனக்கு இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினேன். பாதி தட்டுக்கு வெளியே சிந்தியதை நீ கவனிக்கவில்லை.

மறுநாள் நீ அறிக்கையின் முதல் வரியிலேயே உன் பெயரை எழுதினாய். "இந்த மாற்றத்தை நான் படிக்காமல் ஒப்புக்கொண்டேன்" என்று எழுதிவிட்டுத்தான் மற்றதற்கே போனாய். வேலை போய்விடும் என்று இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாய். அப்புறம் போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழையும்போதே சிரித்தாய். நாட்டில் உள்ள அவர்களுடைய எல்லா அலுவலகங்களிலிருந்தும் வருகிற கோளாறு அறிக்கைகளைப் படிக்கிற குழுவுக்கு உன்னைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்களாம், சென்னையில். "தப்புப் பண்ணவளுக்குப் ப்ரமோஷனா? நல்ல கம்பெனிடி," என்று உன் அப்பா கிண்டல் செய்துவிட்டு, மாடிப்படி இறங்கிப் போய் அரைக் கிலோ பேடா வாங்கி வந்தார். நான் சமையலறையில் நின்று அழுதேன். வெங்காயம் என்று சொன்னேன். அன்று வெங்காயமே நறுக்கவில்லை. அந்த அழுகைக்கான காரணத்தைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

நான் போசரியில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தது உனக்குத் தெரியும். கல்யாணமாகி வேலூரிலிருந்து கட்கிக்கு வந்து இரண்டாவது வருடம் சேர்ந்தேன். மெஷினில் தட்டிக்கொண்டிருந்தவள் பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினேன். உனக்குத் தெரியாதது, நான் அங்கே என்னவெல்லாம் டைப் அடித்தேன் என்பது. ஒரு தொழிற்சாலை இரும்பை மட்டும் உற்பத்தி செய்வதில்லை, அதைவிட அதிகமாக அறிக்கை உற்பத்தி செய்கிறது. தினமும் எத்தனை உருப்படி வந்தது, எத்தனை குப்பைக்குப் போனது என்று உற்பத்தி அறிக்கை. எந்த மெஷின் எத்தனை மணிக்கு நின்றது என்று பழுது அறிக்கை. வாங்கிய எஃகு சொன்ன தரத்தில் இருக்கிறதா என்று சோதனை அறிக்கை. வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்வந்தவர் எழுதுவது பயண அறிக்கை, நாசிக்கில் ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் ஏன் ஆனது என்பதற்கான விளக்கம் அதில் இருக்கும். புது மெஷின் வாங்கலாமா வேண்டாமா என்று ஆராய்கிற அறிக்கை ஒன்று உண்டு. வாங்குவதென்று மேலே முதலில் முடிவு செய்துவிடுவார்கள், காரணங்களை அதற்கப்புறம் தேடுவார்கள். மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு முன்னேற்ற அறிக்கை. எந்த மாதமும் முன்னேறாமல் இருந்ததாக நான் டைப் அடித்ததே இல்லை.

இத்தனை அறிக்கைகளிலும் என் பெயர் எங்கும் இருக்காது. கடைசிப் பக்கத்தில், கீழே இடது மூலையில், கையெழுத்துப் போடும் அதிகாரியின் இனிஷியல் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு சாய்கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் என் இனிஷியல், சின்ன எழுத்தில் இரண்டு. டைப் அடித்தவர் யார் என்று தெரிவதற்காக அப்படி ஒரு வழக்கம். அந்த இரண்டு சின்ன எழுத்துகளில் எனக்குக் கொள்ளைப் பெருமை. பிழையில்லாமல், ஓரம் பிசகாமல், பார்க்க அழகாக அடிப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்க மாட்டேன்.

ஒரு மாதம் எனக்குக் குறும்பு வந்தது. முன்னேற்ற அறிக்கையின் நான்காம் பக்கத்தில், உற்பத்திக்கும் தரத்துக்கும் நடுவில், "இந்த மாதம் கேன்டீன் மிசல் குழம்பில் காரம் அதிகம், இலக்கில் பாதிப்பில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். யாராவது படிக்கிறார்களா பார்ப்போம் என்றுதான். ஷிஃப்ட் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார். உற்பத்தி மேனேஜர் போட்டார். மொத்தம் ஏழு கையெழுத்து. தலைமை அலுவலகம் போய், "குறித்துக்கொள்ளப்பட்டது" என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். உன் அப்பாவிடம் சொன்னேன், அவர் வேலை பார்க்கிற லாரி டெப்போவில் பாதிப் பேருக்குச் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் ஒரு கெட்ட புத்தியை விதைத்துவிட்டது, நித்யா. யாரும் படிக்கப் போவதில்லை, பிறகு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்தேன்.

மாதம் ஒருமுறை பாதுகாப்பு ஆய்வு அறிக்கை ஒன்று போகும். பாதுகாப்பு அதிகாரி, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின்கள் இருக்கிற பிரஸ் ஷாப்பை முழுக்கச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு பிரஸ்ஸின் முன்கதவும் ஸ்விட்சும் சரியாக இருக்கின்றனவா என்று எழுதித் தர வேண்டும். கதவு மூடினால்தான் பிரஸ் இறங்கும், திறந்தால் நின்றுவிடும். கையைக் காப்பாற்றுவது அந்த ஒரு ஸ்விட்ச்தான். அதிகாரி ஆரம்பத்தில் இரண்டு பக்கம் கையால் எழுதித் தந்தார். போகப் போக ஒரு துண்டுச் சீட்டு மட்டும் வந்தது. அதில் "போன மாதம் போலவே" என்று இருக்கும். நான் போன மாதக் கோப்பைத் திறப்பேன், தேதியை மாற்றுவேன், அச்சடித்து அனுப்புவேன். ஐந்து நிமிட வேலை. அவர் சுற்றிப் பார்த்தாரா என்று நான் கேட்டதில்லை. கேட்பது என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

பிரஸ் ஷாப்பில் பாண்டுரங் என்று ஒருவர் இருந்தார். உனக்குத் தெரிந்த பாண்டுரங் மாமாவேதான். ஆறாம் எண் பிரஸ் அவருடையது. அப்போது எனக்கு அவரை முகம் மட்டும்தான் தெரியும், கேன்டீன் வரிசையில் பார்த்தால் "தாயி" என்று தலையசைப்பார். மராத்தியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தொழிலாளிகள் எழுதுகிற பழுதுச் சீட்டெல்லாம் என் மேசைக்கு வரும். மராத்தியில், பென்சிலில், எண்ணெய்க் கறையோடு இருக்கும். அவற்றை டைப் அடிக்க வேண்டியதில்லை, துளையிட்டுக் கோப்பில் போட்டால் போதும். எனக்கு அந்த எழுத்து ஓடாது. நீ தமிழ் படிப்பதுபோலத்தான் நான் மராத்தி படிப்பேன், ஒவ்வொரு எழுத்தாக. அதனால் படிக்காமலே துளையிட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ வருவதற்குக் கொஞ்சம் முன்பு, ஆறாம் எண் பிரஸ்ஸில் பாண்டுரங்கின் வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் போய்விட்டன. நான் அலுவலக ஜன்னலிலிருந்து ஆட்கள் ஓடுவதை மட்டும் பார்த்தேன். அவரை வண்டியில் ஏற்றும்போது யாரோ அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அந்தச் செருப்புதான் பல நாள் என் கண்ணிலேயே நின்றது.

நான்கு நாள் கழித்து விபத்து அறிக்கை டைப் அடிக்க என்னிடம் வந்தது. அடித்துக்கொண்டே போனேன். இரண்டாம் பக்கத்தில் என் விரல்கள் நின்றுவிட்டன. "அந்த மாத ஆய்வு அறிக்கையின்படி ஆறாம் எண் பிரஸ்ஸின் கதவும் ஸ்விட்சும் சோதிக்கப்பட்டு நல்ல நிலையில் இருந்தன. எனவே, வேகமாக வேலை முடிப்பதற்காகத் தொழிலாளியே, கதவு மூடாமலே பிரஸ் இறங்கும்படி, ஸ்விட்சைக் கம்பியால் கட்டியிருக்கிறார். விபத்துக்கு அவரே பொறுப்பு. பணிநீக்கம் பரிந்துரைக்கப்படுகிறது." சோதிக்கப்பட்டு என்ற அந்த வாக்கியம் என் வாக்கியம். நான் ஐந்து நிமிடத்தில் தேதி மாற்றி அனுப்பியது. விரலை இழந்த மனிதனின் வேலையைப் பறிப்பதற்கு அதைச் சாட்சியாக நிறுத்தியிருந்தார்கள்.

எழுந்து போய்ப் பழுதுச் சீட்டுக் கோப்பை எடுத்தேன். அந்த மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆறாம் எண் பிரஸ்ஸுக்கு நான்கு சீட்டுகள் இருந்தன. முதல் சீட்டு: கதவு ஸ்விட்ச் வேலை செய்யவில்லை, மாற்ற வேண்டும். இரண்டாவது: பழுது பார்க்க வந்தவர்கள் ஸ்விட்சைக் கம்பியால் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள், புதிது வேண்டும். மூன்றாவது: இன்னும் புது ஸ்விட்ச் வரவில்லை, கதவு திறந்திருந்தாலும் பிரஸ் இறங்குகிறது. நான்காவது சீட்டு விபத்துக்கு ஆறு நாள் முன்பு எழுதியது. அதில், "மூன்று தடவை எழுதிவிட்டேன். இதை யாராவது படிக்கிறீர்களா?" என்று இருந்தது. கீழே, பாண்டுரங்.

நான் விளையாட்டுக்குக் கேட்ட அதே கேள்வியை அந்த மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். நான்கு சீட்டிலும் துளை நேராக, சுத்தமாக இருந்தது. நான் போட்ட துளை. எழுந்து போய் முகம் கழுவினேன்.

சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். நீ பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய், அப்போது நீ ஏழாம் வகுப்பு. அவர் லாரி மெக்கானிக், எதையும் கழற்றிப் பார்த்துத்தான் பேசுவார்.

"அதுல உன் பேரு எங்கனா இருக்குதா?" என்றார்.

"கீழ ரெண்டு எழுத்து இருக்குது."

"அது டைப் அடிச்சதுக்கு. அடிக்கச் சொன்னாங்க, அடிச்ச. உன்ன யாரும் கேக்கப் போறது இல்ல. நீயா போயி தலையக் குடுத்தா, மொதல்ல உன்னத்தான் தூக்குவாங்க."

"தூக்குனா தூக்கட்டும். அந்த ஆளுக்குக் கையும் போயி, பேரும் போவணுமா?"

அவர் தன்னுடைய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க டெப்போவுல பிரேக்கு சரியில்லன்னு நான் சீட்டு எழுதுனா ஒருத்தன் படிக்கிறான். அவன் படிக்கிறதாலதான் நானு எழுதறேன்," என்றார். கொஞ்சம் கழித்து, "சரி, எழுது. ஆனா அவன் தப்பு இவன் தப்புன்னு ஆரம்பிக்காத. உன்து எதுவோ அத மொதல்ல எழுது," என்று சொல்லிவிட்டுக் குழம்பைச் சுட வைக்கப் போனார். உன் அப்பாவை நான் அன்றுபோல என்றுமே காதலித்ததில்லை. இதை மலரில் படித்துவிட்டு அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

ஆயிரக்கணக்கில் அறிக்கை அடித்த கை அது. சொந்தமாக ஒன்றை எழுத உட்கார்ந்தபோது ஒரு வரி வரவில்லை. "போன மாதம் போலவே" என்று ஆரம்பிக்க இதற்கு ஒரு போன மாதம் இல்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்டபின் உன் அப்பா சொன்னபடியே ஆரம்பித்தேன். "நான்கு மாதங்களாகப் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையை, எந்தச் சோதனைக் குறிப்பும் இல்லாமல், பழைய கோப்பில் தேதியை மாற்றி அச்சடித்தவள் நான்." அடுத்து, நான் கண்ணால் பார்த்தது. அடுத்து, சீட்டுகளில் படித்தது. அடுத்து, எனக்குத் தெரியாதது: மற்ற பிரஸ்களின் நிலை தெரியாது, கம்பியை யார் சொல்லிக் கட்டினார்கள் என்று தெரியாது. கடைசியில், உடனே செய்ய வேண்டியது. ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. நான்கு சீட்டுகளையும் இணைத்தேன். கீழே என் முழுப் பெயரை, என் அப்பா பெயரோடு சேர்த்து, எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாய்கோடு போடவில்லை.

தொழிற்சாலைக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்திருந்தார், காலே சார். அதிகம் பேசாதவர், எல்லோருக்கும் அவரிடம் பயம். காலை ஒன்பது மணிக்கு நேராக அவர் அறைக்குப் போய்க் கொடுத்தேன். மேசையில் வைத்துவிட்டுப் போங்கள் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் படித்தார். வரிக்குக் கீழே பென்சிலை வைத்துப் படித்தார். ஒன்றரைப் பக்கத்துக்கு இருபது நிமிடம். சீட்டுகளைத் தனித்தனியாகப் படித்தார், நான்காவது சீட்டை இரண்டு தடவை. என் வாழ்க்கையில் நான் அடித்த தாளை ஒருவர் கண்ணெதிரே உட்கார்ந்து படித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இதை யார் சொல்லி எழுதுனீங்க?" என்று இந்தியில் கேட்டார்.

"யாரும் சொல்லல சார்."

"உங்க தப்ப எதுக்கு முதல்ல எழுதியிருக்கீங்க? கடைசியில எழுதியிருந்தா, மத்தவங்க மேல கோபப்பட்டுட்டு, மிச்சப் பாதி கோபத்தோடதான் நான் அதுக்கு வந்திருப்பேன்."

"எனக்கு நேராத் தெரிஞ்ச விஷயம் அது ஒண்ணுதான் சார். மத்ததெல்லாம் பேப்பர்ல பார்த்தது."

அவர் தலையை ஆட்டினார். "மத்த பிரஸ்ஸோட நிலை தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. வாங்க, போய்த் தெரிஞ்சுக்கலாம்," என்று எழுந்தார். அறிக்கையைக் கையிலேயே வைத்துக்கொண்டு பிரஸ் ஷாப்புக்கு நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன். ஒன்பது பிரஸ்களையும் நிறுத்தச் சொன்னார். அந்த ஷாப் சத்தமில்லாமல் இருந்ததை நான் அன்றுதான் கேட்டேன். ஒவ்வொரு கதவாகத் திறக்க வைத்தார். ஆறாம் எண்ணைத் தவிர இன்னும் மூன்று பிரஸ்களில் ஸ்விட்ச் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. மூன்று கம்பியையும் அவிழ்த்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புது ஸ்விட்சுகள் வரும்வரை ஒரு பிரஸ்கூட ஓடவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து மணிக்கொரு தரம் போன் வந்தது. அவர் ஒவ்வொரு தடவையும் நான்காவது சீட்டைப் போனில் வாசித்துக் காட்டினார்.

விபத்து அறிக்கை புதிதாக எழுதப்பட்டது. "விபத்துக்கு அவரே பொறுப்பு" என்ற வரி போனது. பாண்டுரங்குக்கு வேலையும் நிலைத்தது, சேர வேண்டிய இழப்பீடும் கிடைத்தது. பாதுகாப்பு அதிகாரி வேறு ஊருக்குப் போனார். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள், "கடமையில் கவனக்குறைவு" என்று. நியாயமான மெமோ. பீரோவில் உன் பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே லேமினேட் செய்து வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துப் பார். மெமோ கொடுத்த ஒரு மாதத்தில் எல்லா அறிக்கைகளையும் ஒழுங்குபடுத்துகிற பொறுப்பையும் காலே சார் எனக்கே கொடுத்தார். "இனிமே இங்க வர்ற எந்தத் தாளும் உங்களத் தாண்டி படிக்காம போகாது, எனக்குத் தெரியும்," என்றார். உன் அப்பா அன்றைக்கும் பேடா வாங்கி வந்தார்.

மூன்று மாதம் கழித்துப் பாண்டுரங் திரும்பி வந்தபோது அவருக்குப் புது வேலை. தினமும் காலை ஷிஃப்ட் தொடங்குமுன் ஒன்பது கதவுகளையும் திறந்து பார்த்து, ஒரு சீட்டு எழுதி என் மேசைக்கு அனுப்ப வேண்டும். இடது கையால் எழுதப் பழகியிருந்தார். முதல் சீட்டில் எழுத்துகள் பெரிது பெரிதாக, வரியை விட்டு ஏறியும் இறங்கியும் இருந்தன. "ஒன்பது கதவு. ஒன்பதும் சரி. தாயி, படித்தீர்களா?" நான் பேனாவை எடுத்து அதே சீட்டின் அடியில், மராத்தியில், என் கோணல் எழுத்தில், "படித்தேன். ஒன்பதும் சரி" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். இடது கையால் எழுதியவருக்கும் எழுத்துக்கூட்டுகிறவளுக்கும் சரிசமமான கோணல். அந்தச் சீட்டை அவர் ஷாப் முழுக்கக் காட்டினாராம். காலே சார் அதைப் பார்த்துவிட்டு ஒரு விதி போட்டார். இனிமேல் எந்த அறிக்கையிலும் வெறும் கையெழுத்துச் செல்லாது. படித்தவர், தான் படித்தது என்ன என்று, தன் கையால் ஒரு வரி எழுதித்தான் கையெழுத்துப் போட வேண்டும். முதல் மாதம் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பிரஸ் ஷாப்பில் ஒரு கைகூட மாட்டவில்லை. இதை எழுதும்போது எனக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. புடவையில் காலர் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று பாக்கி. இது உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது, ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த நான்காவது சீட்டைப் படித்த வாரத்தில், வீட்டில் நான் கையெழுத்துப் போட்ட தாள்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். எனக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது. உன் பள்ளி முன்னேற்ற அறிக்கை அதில் இருந்தது. ஆசிரியையின் குறிப்பு என்ற இடத்தில், "கரும்பலகை தெரியாமல் சிரமப்படுகிறாள், கண் பரிசோதனை செய்யவும்" என்று இருந்தது. மூன்று பருவத்திலும் இருந்தது. மூன்று பருவத்திலும் பக்கத்திலேயே என் கையெழுத்து. மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டது. அதுவும் ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார்கள், எழுத்துக்கூட்ட வேண்டியதுகூட இல்லை.

மறுநாளே லீவு போட்டு உன்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, கட்கி வரைக்கும் வழியில் இருந்த ஒரு போர்டு விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாய். டயர் கடை, பல் டாக்டர், "இங்கே குப்பை போடாதே" வரைக்கும். கண்டக்டர் சிரித்தார். நடுவில் என் பக்கம் திரும்பி, "எனக்குக் கண்ணு தெரியலன்னு எப்படிம்மா கண்டுபுடிச்ச?" என்று கேட்டாய். "அம்மாவுக்குத் தெரியாதா?" என்று சொன்னேன். அது பொய், நித்யா. உன் டீச்சர் மூன்று தடவை எழுதியதை நான் நான்காவது தடவைதான் படித்தேன். இத்தனை வருடமும் அந்தப் பாராட்டை நானே வைத்துக்கொண்டேன். இன்று திருப்பிக் கொடுக்கிறேன்.

அதனால்தான் அன்று பருப்பு சிந்தியது. படிக்காமல் ஒப்புக்கொண்டேன் என்று நீ சொன்னபோது, என் தவறு உனக்கும் ஒட்டிக்கொண்டதே என்று பயந்தேன். மறுநாள் நீ எழுதிய முதல் வரியைக் காட்டியபோது, என் ஒன்றரைப் பக்கமும் உனக்கு ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தது. நான் அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீயாகவே அங்கே போய்ச் சேர்ந்தாய், அதுவும் நான்கு மாதம் எடுத்துக்கொள்ளாமல் ஒரே ராத்திரியில். ஜெயித்துவிட்டாய்டி, என்னைவிடப் பெரிதாக.

போன ஞாயிறு பாண்டுரங் மாமா டீ குடிக்க வந்தார். நித்யாவுக்குச் சென்னையில் என்ன வேலை என்று கேட்டார். "ரிப்போர்ட் படிக்கிற வேலை," என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதுக்குன்னு ஒரு வேலை போட்டுட்டாங்களா? அப்ப நம்ம சீட்டு வீண் போகல தாயி," என்றார். நாளைக்கு உன் மேசைக்கு எங்கெங்கிருந்தோ தாள்கள் வரும். அழகாக அடித்தவையும் வரும், அவசரத்தில் கிறுக்கியவையும் வரும். உனக்கு ஓடாத பாஷையில், மூன்று தடவை எழுதிச் சலித்துப்போன ஒருவருடையதும் வரும். எல்லாவற்றையும் இந்தக் கடிதத்தைப் படித்த வேகத்தில் படி. உனக்குப் பழக்கம் வரட்டும் என்றுதான் எட்டுப் பக்கம் எழுதினேன்.

உனக்குத் தருகிற பிரதியில் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறேன். சென்னை போய்ச் சேர்ந்ததும், படித்தது என்ன என்று உன் கையால், தமிழில், ஒரு வரி எழுதி அனுப்பு. எழுத்து ஏறியும் இறங்கியும் இருந்தால் பரவாயில்லை, கோணல் எழுத்தைப் படித்துப் பழகியவள் நான். வெறும் கையெழுத்துப் போட்டு மட்டும் அனுப்பாதே.

உன் அம்மா

படித்தது: ..........................................................